மணல் தரையில் ஒரு குதிரை: தீவன மேடை கட்டிய அனுபவம்

ராமநாதபுரம் கடற்கரையில், உச்சிப்புளியிலிருந்து மண்டபம் வரை எந்தத் தோப்பில் மண்வெட்டியைப் போட்டாலும் மணல்தான் வரும். பனைக்கும் தென்னைக்கும் அது போதும். குதிரைக்கு அதுவே நோய். தரையில் போட்ட புல்லைக் குதிரை உதட்டால் கூட்டிக் கூட்டித் தின்னும். கடைசித் துணுக்கு வரை விடாது. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு சிட்டிகை மணல் உள்ளே போகும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போன மணல் பெருங்குடலின் அடிப்பகுதியில் படிந்து, நாளாக ஆகக் கனத்து, லத்தி வரும் வழியை அடைத்துவிடும். மருத்துவர்கள் இதை மணல் கோலிக் என்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் உயிரே போய்விடும்.

ஆகவே இந்தக் கரையில் குதிரை வாங்க நினைப்பவர், சேணத்துக்கும் கடிவாளத்துக்கும் முன்னால் தீவனம் வைக்கிற இடத்துக்குத்தான் செலவு செய்ய வேண்டும். நான் கட்டிய தீவன மேடையை அளவுகளோடு இங்கே எழுதுகிறேன். பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று மணல் உள்ள எந்த ஊரிலும் இதையே கட்டலாம்.

குதிரையின் பெயர் பவளம். ஏழு வயதுச் செவலை, பெண் குதிரை, கத்தியவாரிக் கலப்பு. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கினேன். சவாரி கற்றுக்கொண்டதே நாற்பது வயதுக்கு மேல்தான். பந்தயம், போட்டி என்று எதற்கும் போவதில்லை. விடிகாலையில் அரியமான் கடற்கரையில் ஒரு சவாரி, பிறகு அலுவலகம், சாயங்காலம் லாயத்து வேலை. இவ்வளவுதான் எங்கள் நாள்.

மணலைச் சோதிக்கும் முறை சுலபம், எல்லோரும் செய்யலாம். லத்தி விழுந்தவுடன், தரையில் படாத மேல் உருண்டைகளில் ஆறேழு எடுத்து, கால்நடை மருத்துவர்கள் போடும் நீளமான பிளாஸ்டிக் கையுறைக்குள் போட வேண்டும். முக்கால் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, நன்றாகப் பிசைந்து கரைத்து, விரல்கள் கீழே இருக்கும்படி கட்டித் தொங்கவிட வேண்டும். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால், நார் மேலே மிதக்கும், மணல் விரல் நுனிகளில் இறங்கியிருக்கும். ஒரு தேக்கரண்டிக்கு மேல் இருந்தால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். மணலே வரவில்லை என்றாலும் குடலில் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. சில குதிரைகளுக்கு உள்ளே தங்கிவிடும், வெளியே வராது. பவளத்தின் கையுறையில் விரல்கள் எல்லாம் மணலால் நிரம்பி விறைத்து நின்றன. வந்த புதிதிலேயே லத்தி இளகலாகப் போய்க்கொண்டிருந்ததும், தீவனம் தின்றபின் முன்காலால் தரையைப் பறித்ததும் அதனால்தான்.

மருத்துவர் வந்து, நெஞ்செலும்பு முடிகிற இடத்துக்குப் பின்னால் அடிவயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு என் காதில் மாட்டிவிட்டு, “கேளுங்க சார், உங்க ஊர்ச் சத்தம்தான்” என்றார். அலை கரையேறி இறங்குவது போலவே கேட்டது. குடல் அசையும்போது உள்ளே இருக்கிற மணல் உரசுகிற சத்தம் அது. மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டு, இசப்கோலும் (தண்ணீரில் ஊறினால் கூழாகிற விதை உமி) எப்சம் உப்பும் கரைத்துச் சில நாள் தொடர்ந்து கொடுத்தார். இதை யாரும் வீட்டில் முயலக் கூடாது. குழாய் தவறி மூச்சுக்குழலுக்குள் போனால் குதிரை பிழைக்காது.

வைத்தியம் உள்ளே இருந்த மணலை எடுத்தது. புதிதாகப் போகிற மணலை நிறுத்துவது என் வேலை. மேடை வேலையை அந்த வாரமே தொடங்கிவிட்டேன்.

முதலில் இடம். எங்கள் தோப்பில் லாயம் ஏற்கெனவே பனந்தூண் நட்டு, கிடுகு வேய்ந்து நிற்கிறது. அதை ஒட்டிக் கிழக்குப் பக்கம் மேடைக்கு இடம் எடுத்தேன். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது மணல் முழங்கால் உயரத்துக்குப் பறக்கும். மேற்கே லாயமும் தெற்கே ஏழடி உயரப் பனையோலைத் தட்டியும் இருந்தால் தொட்டிக்குள் மணல் வந்து விழாது. காற்றை மறந்துவிட்டு எவ்வளவு நல்ல மேடை கட்டினாலும் பாதிப் பலன்தான்.

மேடையின் அளவு 12 அடிக்கு 10 அடி. இதைவிடச் சிறிதாகப் போட்டால் குதிரையின் முன்கால் மேடையிலும் பின்கால் மணலிலும் நிற்கும். ஒவ்வொரு அடிக்கும் மணலை மேலே இழுத்து வரும். முழு உடம்பும் மேடையில் நின்று, திரும்பவும் இடம் இருக்க வேண்டும்.

ஒன்பது அங்குலம் தோண்டி, சுற்றிலும் ஹாலோ பிளாக் ஒரு வரிசை வைத்தோம். அது இல்லாவிட்டால் உள்ளே கொட்டும் சரளை பக்கவாட்டில் மணலோடு மணலாகக் கரைந்து போய்விடும். சரளையைத் தரைமட்டத்துக்கு மேல் இரண்டு அங்குலம் வரும்வரை போட்டு, நாலு அங்குலத்துக்கு ஒரு தடவை தண்ணீர் தெளித்து திம்சுக்கட்டையால் இடித்தோம். ஒன்றரை யூனிட், அதாவது 150 கனஅடி பிடித்தது. அதன்மேல் நாலு அங்குலக் கான்கிரீட். ஆக, மேடை சுற்றியுள்ள மணலைவிட ஆறு அங்குலம் உயரம்.

கான்கிரீட் 1:2:4 கலவை. இந்த அளவுக்குச் சிமென்ட் எட்டு மூட்டை வாங்கினால் போதும், கொஞ்சம் மிஞ்சும். எம்-சாண்ட் 18 கனஅடி, முக்கால் அங்குல ஜல்லி 36 கனஅடி. கண்முன்னே இவ்வளவு மணல் கிடக்கும்போது எம்-சாண்ட் எதற்கு என்று பக்கத்துத் தோப்புக்காரர் கேட்டார். கடற்கரை மணலில் உப்பு இருக்கிறது. கம்பி போட்டால் கம்பியைத் தின்னும், போடாவிட்டாலும் தளம் பூத்துப் பொரியும். நான் கம்பியே போடவில்லை. தரையில் படுத்திருக்கும் தளத்துக்கு, அடியில் இடிப்பு சரியாக இருந்தால், கம்பி தேவைப்படாது. நடுவில் ஆறாவது அடியில் ஒரு அங்குல ஆழத்துக்குக் குறுக்கே ஒரு கோடு வெட்டிவிட்டால், வெடிப்பு வந்தாலும் அந்தக் கோட்டோடு நிற்கும். கலவைக்கும் நனைப்புக்கும் தண்ணீர் லாரியில் வாங்கினேன். எங்கள் போர்வெல் தண்ணீர் அவ்வளவு உவர்ப்பு.

கொத்தனார் அண்ணன் மேல்பூச்சை வழவழப்பாகத் தேய்க்கப் போனார். “அண்ணே, தேய்க்காதீங்க, சறுக்கும்” என்று சொல்லி, தென்னந்துடைப்பத்தை ஈரத் தளத்தில் குறுக்காக இழுக்கச் சொன்னேன். “வாழ்க்கையில முத தடவையா சொரசொரன்னு போடச் சொல்ற ஆளு நீங்கதான் தம்பி” என்றார். ஆனால் வாட்டம் பார்த்துப் பார்த்து அருமையாகப் போட்டுக் கொடுத்தார். மேற்கிலிருந்து கிழக்கே ஒன்றரை அங்குலம் இறக்கம். கழுவிய தண்ணீரும் மூத்திரமும் தேங்காமல் ஓடிவிடுகிறது. ஈரச் சாக்கு போட்டுப் பத்து நாள் நனைத்தோம். இந்த வெயிலில் அதில் ஒரு நாளும் குறைக்கக் கூடாது.

ஏறுகிற பக்கம் படி வைக்காமல் சரளையால் சாய்வு போட்டு இடித்திருக்கிறேன். சாய்வில் ஏறி வரும்போதே குளம்பில் ஒட்டிய மணல் பாதி உதிர்ந்துவிடுகிறது. மீதியைக் குளம்பு நோண்டியால் நானே எடுத்துவிட்டுத்தான் தொட்டி முன்னால் கட்டுகிறேன். இதில் இன்னொரு நன்மை: குளம்பைத் தினமும் தூக்கிப் பார்ப்பதால், அடியில் கறுப்பாக, நாற்றத்தோடு அழுகல் வந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். மழைக்காலத்தில் இது அடிக்கடி வரும்.

கான்கிரீட்டில் வெறுமனே குதிரையை மணிக்கணக்கில் நிறுத்தக் கூடாது. மூட்டுக்கு ஆகாது. ரப்பர் விரிப்பு வேண்டும். புதிதாகக் கிடைக்கும் லாய விரிப்புகளின் விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. தூத்துக்குடியில் பழைய சாமான் கடையில் மூன்றடி அகல கன்வேயர் பெல்ட் வாங்கினேன். வாங்கும்போது வெட்டுமுனையைப் பாருங்கள். உள்ளே இரும்புக் கம்பி ஓடுகிற பெல்ட் வேண்டாம். வெட்டவும் முடியாது, துருப்பிடித்து முனை நீட்டிக்கொண்டு குளம்பில் ஏறும். துணி அடுக்கு உள்ள பெல்ட்தான் சரி. சோப்புத் தண்ணீர் விட்டுக்கொண்டே கத்தியால் அறுத்தால் ரப்பர் கத்தியைப் பிடிக்காது. பத்தடி நீளத்தில் மூன்று துண்டு, பக்கம் பக்கமாகப் போட்டால் ஒன்பதடி மூடும். மேற்கு ஓரம் மூன்றடி வெறும் தளம் தொட்டிகளுக்கு. வாரம் ஒருமுறை விரிப்பைத் தூக்கி அடியில் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் மூத்திர நெடி ஏறி, குதிரையின் மூச்சுக்கே கெடுதல்.

தொட்டிக்கு 200 லிட்டர் நீலப் பீப்பாய் ஒன்றை நீளவாக்கில் இரண்டாக அறுத்தேன். பீப்பாய் விஷயத்தில் கறாராக இருங்கள். முன்பு அதில் என்ன இருந்தது என்று விற்பவர் நம்பும்படி சொல்லாவிட்டால் வாங்காதீர்கள். என்னுடையது ஊறுகாய் வந்த பீப்பாய். அறுத்த விளிம்பு கன்னத்தைக் கிழிக்கும். அதனால் பழைய தண்ணீர்க் குழாயை நீளமாகப் பிளந்து விளிம்பு முழுக்க மாட்டினேன். கழுவிய தண்ணீர் போக அடியில் ஒரு ஓட்டையும் அடைப்பும். பனஞ்சட்டத்தில் கூடு செய்து இரண்டையும் வரிசையாக உட்கார வைத்தோம். தரையிலிருந்து விளிம்பு இரண்டேகால் அடி உயரத்தில் இருக்கிறது.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மணலுக்குப் பயந்து தலைக்கு மேல் தீவனத்தைத் தொங்கவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நல்லதல்ல. குதிரை தலையைத் தாழ்த்தித் தின்னும் பிராணி. அப்போதுதான் மூக்கிலும் தொண்டையிலும் சேரும் தூசியும் சளியும் வழிந்து வெளியே வரும். மேலே வைத்தால் தூசி கண்ணிலும் மூக்கிலும் விழும். தலை தாழ வேண்டும், வாய் தரையைத் தொடக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே பிடித்த உயரம்தான் அந்த இரண்டேகால் அடி.

உப்புக்காற்றில் சாதாரண ஆணியும் கொக்கியும் சீக்கிரமே துருப்பிடித்து உதிரும். படகு சாமான் கடையில் ஸ்டெயின்லெஸ் போல்ட் வாங்கி, உருண்டைத் தலை உள்பக்கம் வரும்படி முடுக்கினேன். குதிரையைக் கட்டும் வளையத்தில் மட்டும் கயிற்றை நேராகக் கட்டாமல், நடுவில் தேங்காய்நார்க் கயிற்றில் ஒரு கண்ணி போட்டு, அதில் கட்டுகிறேன். மிரண்டு பின்னால் இழுத்தால் நார் அறுந்துவிடும், கழுத்துக்கு ஆபத்தில்லை.

தொட்டி இருந்தும் பவளம் மூக்கால் தள்ளித் தள்ளிப் பாதித் தீவனத்தை வெளியே கொட்டியது. அதற்கு வழி சொன்னவர் பக்கத்து வீட்டுக் காக்கா (இங்கே முஸ்லிம் அண்ணன்களை அப்படித்தான் கூப்பிடுவோம்). வலை கட்டுவதில் கைதேர்ந்தவர். தடித்த நைலான் கயிற்றில் ஒன்றேமுக்கால் அங்குலக் கண் வைத்து, தொட்டி வாய்க்கு ஒரு மூடுவலை பின்னிக் கொடுத்தார். விளிம்பை ஒட்டித் துளை போட்டு வலையைக் கோத்துக் கட்டியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் அவிழ்த்துத் தீவனத்தைப் போடலாம். கண் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இழுத்துத் தின்ன முடியும். முன்பு ஒரு மணி நேரத்தில் முடிந்த தீவனம் இப்போது மூன்று மணி நேரத்துக்கும் மேல் வருகிறது. குதிரையின் வயிறு சிறியது, குடல் பெரியது. நாள் முழுக்க நிதானமாகத் தின்னும்படி படைக்கப்பட்ட உடம்பு. வாய்க்கு வேலை இல்லாமல் நின்றால்தான் தரையை மோந்து மணலை நக்கத் தொடங்கும். மீன்பிடிக்கிற மெல்லிய வலையை மட்டும் எக்காரணம் கொண்டும் குதிரை பக்கத்தில் கொண்டுவராதீர்கள். காலில் சுற்றினால் சதையை அறுத்துவிடும். லாடம் அடித்த குதிரையாக இருந்தால் மூடுவலையும் யோசித்துத்தான் போட வேண்டும், லாட முனை வலைக் கண்ணில் மாட்டலாம். பவளத்துக்கு லாடம் கிடையாது, மணலுக்கு அது தேவையுமில்லை. மதுரையிலிருந்து ஒருவர் ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை வந்து குளம்பைச் செதுக்கிவிட்டுப் போகிறார்.

மேடை முடிந்த பிறகும் கையுறையில் மணல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. தீவனத்தையே சந்தேகப்பட்டு, மூன்றடிக்கு ஆறடியில் ஒரு மரச்சட்டம் செய்து, அரை அங்குலக் கம்பிவலை அடித்து, அதன்மேல் கடலைக்கொடியைப் போட்டு உதறினேன். அடியில் விரித்த சாக்கில் குவியலாக மணல். கடலையைப் பிடுங்கும்போது வேரோடு வருகிற மண் அப்படியே காய்ந்து கட்டில் இருக்கிறது. அன்றிலிருந்து எந்தத் தீவனமும் சல்லடையில் உதறாமல் தொட்டிக்குப் போவதில்லை. அருகம்புல் கொண்டுவரும் அக்காவிடம், “பிடுங்க வேணாங்க்கா, அரிவாளால தரைக்கு மேல அறுத்துக் கொடுங்க” என்று சொல்லி, கட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கிறேன். மேடைக்கு ஆன செலவில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத இந்தச் சல்லடை செய்த வேலை பெரிது.

தீவன அளவுக்கு எடை தெரிய வேண்டும். தராசு இல்லாதவர்கள் நாடாவால் கணக்கிடலாம். முன்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றை அளந்து, அந்த எண்ணை அதனாலேயே பெருக்கி, நெஞ்சு முனையிலிருந்து பிட்ட முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,877 ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். எல்லா அளவும் சென்டிமீட்டரில். பவளம் 158 சுற்று, 150 நீளம். சுமார் 315 கிலோ. காய்ந்த தீவனம் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு என்று வைத்தால் தினம் ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். காய்ந்த அருகம்புல், கடலைக்கொடி, அப்புறம் கொஞ்சம் வைக்கோல். சவாரி உள்ள நாளில் ஊறவைத்து வேகவைத்த கொள்ளு. கொள்ளென்றால் வாயைத் திறக்கும் குதிரை கடிவாளமென்றால் மூடிக்கொள்ளும் என்பார்கள். பவளம் இரண்டுக்கும் திறக்கும், அது அவளுடைய நல்ல குணம். தவிட்டை மட்டும் நான் அள்ளிப் போடுவதில்லை. அதில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. நாள்பட்டால் எலும்பைப் பலவீனமாக்கும்.

1290-களில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டியர்கள் ஏடனிலிருந்தும் ஓர்முஸிலிருந்தும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கியதையும், அவற்றுக்குச் சோற்றோடு இறைச்சி சேர்த்துப் போட்டதையும், கவனிக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் அவை மடிந்ததையும் எழுதியிருக்கிறார். பழைய துறைமுகமான பெரியபட்டினம் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் குதிரைகளை நினைத்து மனம் கனக்கும். கப்பலிலிருந்து இறங்கிய அவையும் இந்த மணலில்தான் தலையைத் தாழ்த்தித் தின்றிருக்கும்.

உப்பும் தண்ணீரும் இந்த வேலையில் சேர்ந்தவைதான். உப்புக் குறைந்த குதிரை மண்ணை நக்கும். வாலிநோக்கம் கல்லுப்பைப் பொடித்துத் தினம் ஒரு கைப்பிடிக்கும் குறைவாகக் கொள்ளில் கலக்கிறேன். தனியாக ஒரு கிண்ணத்திலும் வைக்கிறேன், வேண்டியபோது நக்கிக்கொள்ளும். தண்ணீர் தினம் முப்பது, நாற்பது லிட்டர் குடிக்கும், சித்திரை வெயிலில் சவாரி போனால் இன்னும் அதிகம். குடி குறைந்தால் குடலில் எல்லாமே இறுகும். அதனால் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி, கிணற்றையும் போரையும் அளந்தேன். கால்நடைக்குப் பொதுவாக லிட்டருக்கு 3,000 மில்லிகிராமுக்குள் இருந்தால் பரவாயில்லை. மணலில் ஆழமில்லாமல் தோண்டிய எங்கள் ஊற்றுக்கிணறு அதற்கு வெகுவாகக் கீழே இருக்கிறது, போர் கோடையில் தாண்டிவிடுகிறது. பவளத்துக்கு ஊற்றுத் தண்ணீர்தான்.

மேடைக்கு வெளியே தோப்பில் அவிழ்த்து விடும் நேரம்தான் கடைசி ஓட்டை. குதிரையை நாள் முழுக்க மேடையிலேயே கட்டிப்போட்டால் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிடும். ஓடவும் புரளவும் அவளுக்கு மணல் வேண்டும். அந்த நேரத்துக்கு மட்டும், களத்தில் நெல் போரடிக்கும்போது மாட்டுக்குக் கட்டுகிற வாய்க்கூடை மாதிரி ஒன்றை நார்க்கயிற்றில் பின்னி மாட்டுகிறேன். மூச்சு தாராளமாக வரும், தண்ணீரும் குடிக்கலாம், தரையைக் கூட்டித் தின்ன முடியாது. வயிறு நிறைந்த பிறகுதான் அவிழ்த்துவிடுவது. பசியோடு விட்டால் கூடையைத் தேய்த்தே பிய்த்துவிடும். கடற்கரையிலும் இதே கட்டுப்பாடுதான். சவாரி முடிந்து இறங்கியதும் அடம்பங்கொடியிலும் ராவணன் மீசைப் புல்லிலும் வாய் வைக்கப் பார்க்கும், விடுவதில்லை.

இப்போது மாதம் ஒருமுறை கையுறைச் சோதனை. விரல் நுனியில் ஒரு சிட்டிகைதான் தெரிகிறது. மருத்துவர் சொன்ன அளவில் மாதத்தில் ஒரு வாரம் இசப்கோல் கொடுக்கிறேன். அதை முன்கூட்டி நனைக்காமல், லேசாக ஈரமான கொள்ளில் கலந்த உடனே வைக்க வேண்டும். தாமதித்தால் கொழகொழவென்று ஆகிவிடும், குதிரை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். லத்தி கெட்டிப்பட்டது. விலா நிறைந்துவிட்டது. சேண வாரை ஒரு துளை தள்ளி மாட்டுகிறேன். அரியமானில் அலை நனைத்துக் கெட்டியான ஓரத்தில் முன்பு அரைமனதாகப் போனவள், இப்போது கால் அணைத்தவுடனே துள்ளுநடை எடுக்கிறாள். அந்த முதல் துள்ளல் அன்றைக்கு நாள் முழுக்க எனக்குப் போதும்.

ஐப்பசி மழைக்கு முன் இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கிழக்கு ஓரத்தில் வழிகிற தண்ணீர் சரளைச் சாய்வை அரிக்கத் தொடங்கியிருக்கிறது. அங்கே நாலு அங்குலப் பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து வாய்க்காலாகப் பதித்து, தென்னைக்குத் திருப்பிவிடப் போகிறேன். புதிதாகக் கட்டுகிறவர்கள் அதை மேடையோடு சேர்த்தே செய்துவிடுங்கள்.